ராட் டீடோ

ராட் டீடோ (பிப்ரவரி 17, 1914 – ஜனவரி 5, 2006) அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பயிற்சியாளர். லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள தென் கலிபோர்னியா பல்கலைக்கழக அணியை 1942 முதல் 1986 வரை 45 பருவங்கள் நடத்தினார். அக்காலத்தில் அணி 1,332 ஆட்டங்களில் வென்றது. 11 முறை தேசியப் பட்டம் பெற்றது. வேறு எந்தப் பயிற்சியாளரும் 5 பட்டங்களைத் தாண்டியதில்லை. இந்தப் பணிக்காக டீடோ பெற்ற சம்பளம் ஆண்டுக்கு ஒரு டாலர்.

இளமை

ரவுல் மார்ஷியல் டீடோ என்பது முழுப்பெயர். நியூ ஆர்லியன்ஸில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தார். ஹாலிவுட் உயர்நிலைப் பள்ளியில் படித்தபின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1935-ல் அதன் பேஸ்பால் அணித்தலைவரானார். அதே ஆண்டு புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற தொழில்முறை அணி அவரை ஒப்பந்தம் செய்தது. அவ்வணியின் மேலாளர் கேசி ஸ்டெங்கல், பின்னாளில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஏழு உலகத் தொடர்களை வென்று தந்தவர். டாட்ஜர்ஸ் அணிக்காக டீடோ ஆடியது இரண்டே ஆட்டங்கள். மறு ஆண்டு முதுகெலும்பில் ஏற்பட்ட காயம் அவருடைய தொழில்முறை வாழ்க்கையை ஏறக்குறைய முடித்துவைத்தது. ஸ்டெங்கலுடனான நட்பு மட்டும் கடைசிவரை நீடித்தது.

ஊர் திரும்பிய டீடோ சிறு முதலீட்டில் சரக்கு லாரி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அது பெரிதாக வளர்ந்தது. ஒரு டாலர் சம்பளத்தின் பின்னணி இதுதான். அவர் பிழைப்பு லாரிகளில் இருந்தது. மைதானத்திற்கு விருப்பத்தினால் வந்தார்.

பயிற்சியாளர் பணி

அவரது ஆசான் சாம் பாரி அப்பல்கலைக்கழகத்தில் பேஸ்பாலோடு கூடைப்பந்து அணிக்கும் பயிற்சியாளர். இரண்டாம் உலகப் போரின்போது பாரி கடற்படையில் சேரவே, 1942-ல் பேஸ்பால் அணி டீடோவிடம் வந்தது. போர் முடிந்து பாரி திரும்பியபின் இருவரும் இணைந்து நடத்தினர். 1948 இறுதிச் சுற்றில் யேல் பல்கலைக்கழகத்தைத் தோற்கடித்து முதல் தேசியப் பட்டத்தைப் பெற்றனர். தோற்ற யேல் அணியின் தலைவர், பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ். 1950-ல் பாரி இறந்தபின் டீடோ தனிப் பொறுப்பாளரானார். 1958, 1961, 1963, 1968 ஆகிய ஆண்டுகளில் பட்டங்கள் வந்தன. 1970 முதல் 1974 வரை தொடர்ச்சியாக ஐந்து பட்டங்கள்.

அமெரிக்காவில் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் கல்லூரியே தொழில்முறை ஆட்டத்தின் நுழைவாயிலாக இருந்தது. பேஸ்பாலில் அப்படியில்லை. திறமையுள்ள பையன்களைக் கழகங்கள் பள்ளி முடிந்ததுமே பிடித்துச் சென்று சிறுநகர அணிகளில் பழக்கின. கல்லூரி பேஸ்பால் பொழுதுபோக்காகவே கருதப்பட்டது. அங்கும் தேர்ந்த ஆட்டக்காரரை உருவாக்க முடியும் என்று ஆண்டுதோறும் காட்டியதே டீடோவின் உண்மையான சாதனை எனலாம். பட்டங்களின் எண்ணிக்கை அதற்கு அடுத்ததுதான்.

டாம் சீவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறு கல்லூரி ஒன்றிலிருந்து வந்த அவருக்கு டீடோ உடனே உதவித்தொகை தந்துவிடவில்லை. 1964 கோடையில் அலாஸ்காவில் ஆடும் கோல்ட்பேனர்ஸ் அணிக்கு அனுப்பி, அங்கே தேறிவரச் சொன்னார். சீவர் தேறினார், பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் 311 வெற்றிகள் பெற்ற பந்தெறிவாளரானார். ஃபிரெட் லின், பில் லீ, டேவ் கிங்மேன், ராய் ஸ்மாலி ஆகியோரும் டீடோவின் மாணவர்கள். மாணவர் யாராயினும் அவர் ‘டைகர்’ என்றே அழைப்பார்.

1973 அரையிறுதி

ஒமாஹா நகரில் நடக்கும் கல்லூரி உலகத் தொடரின் மிகப் புகழ்பெற்ற ஆட்டங்களில் ஒன்று 1973-ல் மினசோட்டா அணியுடன் நடந்தது. மினசோட்டாவின் பந்தெறிவாளர் டேவ் வின்ஃபீல்டு 15 பேரை ஆட்டமிழக்கச் செய்திருந்தார். ஒன்பதாவதும் கடைசியுமான சுற்றில் டீடோவின் அணி மட்டையெடுத்தபோது மினசோட்டா 7-0 என முன்னிலையில் இருந்தது. கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஏழு ரன் அற்பமாகத் தோன்றலாம். பேஸ்பாலில் ஓர் அணி முழு ஆட்டத்திலும் நான்கைந்து ரன் எடுப்பதே சாதாரணம். மூன்று பேர் ஆட்டமிழந்தால் எல்லாம் முடிந்துவிடும் நிலையில் தென் கலிபோர்னியா அந்த ஒரே சுற்றில் 8 ரன்கள் எடுத்து 8-7 என வென்றது. தோற்ற அணியில் இருந்தும் தொடரின் சிறந்த வீரர் விருது வின்ஃபீல்டுக்கே கிடைத்தது. இறுதியாட்டத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தை வென்று டீடோ நான்காவது தொடர் பட்டத்தைப் பெற்றார்.

ஒலிம்பிக்

பேஸ்பாலை ஒலிம்பிக்கில் சேர்க்க நெடுங்காலம் பாடுபட்டவர் டீடோ. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின்போது காட்சி ஆட்டத்திற்கு அமெரிக்க அணியை அழைத்துச் சென்றார். ஜப்பானை 6-2 என வென்றது. 1984-ல் லாஸ் ஏஞ்சலஸில் மார்க் மெக்வயர், வில் கிளார்க், பாரி லார்கின் அடங்கிய அணியுடன் இறங்கி, இறுதியாட்டத்தில் அதே ஜப்பானிடம் 3-6 எனத் தோற்றார். சொந்த ஊரில், 70 வயதில் வந்த தோல்வி அது. பேஸ்பால் முறையான ஒலிம்பிக் விளையாட்டானது 1992-ல், பார்சிலோனாவில்.

இறுதிப் பருவங்கள்

1978 பட்டமே கடைசி. அதன்பின் எட்டுப் பருவங்கள் டீடோவின் அணி ஒமாஹாவுக்குத் திரும்பவில்லை. மெக்வயரும், பின்னாளில் மிகச் சிறந்த பந்தெறிவாளராகப் பெயர்பெற்ற ராண்டி ஜான்சனும் 1983, 1984 ஆண்டுகளில் ஒரே அணியில் ஆடினர். மெக்வயர் 1984-ல் மட்டும் 32 ஹோம் ரன்கள் அடித்தார். அப்போதும் தேசியத் தொடர் எட்டவில்லை. கல்லூரிகள் வழங்கக்கூடிய பேஸ்பால் உதவித்தொகைக்கு 1970களில் வரம்பு வந்தது ஒரு காரணம். கல்லூரி பேஸ்பாலின் மதிப்பு உயர்ந்ததும் பிற பல்கலைக்கழகங்கள் முழுநேரப் பயிற்சியாளர்களையும் நல்ல மைதானங்களையும் கொண்டு போட்டிக்கு வந்தது மற்றொன்று. டீடோ திறந்த வழியிலேயே அவை அவரைக் கடந்து சென்றன.

1986-ல் ஓய்வுபெற்றார். அவருடைய வெற்றி எண்ணிக்கையை 1994-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் கிளிஃப் கஸ்டாஃப்சன் முந்தினார். ‘ஃபீல்ட் ஆஃப் டிரீம்ஸ்’ (1989) திரைப்படத்துக்கு டீடோ ஆலோசகராக இருந்தார். 1999-ல் ‘காலேஜியேட் பேஸ்பால்’ இதழ் அவரை நூற்றாண்டின் பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தது. தென் கலிபோர்னியா தன் அடுத்த தேசியப் பட்டத்தை 1998-ல் பெற்றது. அப்போதைய பயிற்சியாளர் மைக் கில்லெஸ்பி, டீடோவின் 1961 அணியில் ஆடியவர்.