மகள் இல்லாத அரண்மனைகள்

1789-ல் ஜோனாதன் டங்கன் காசியில் கிழக்கிந்தியக் கும்பினியின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடெண்டாக, இருந்தார். ஜான்பூர்ப் பகுதியின் ராஜ்குமார் ராஜபுத்திரர்கள், பிறந்த பெண் குழந்தைகளைத் தாங்களே சாகவிடுவதை அவரிடம் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். இனிச் செய்வதில்லை என்று அந்த டிசம்பரில் எழுதியும் கொடுத்தார்கள். இந்தக் கொலை பாவம் என்பதற்கு அந்தப் பத்திரம் பிரம்மவைவர்த்த புராணத்தைச் சான்று காட்டியது.

பின்னர் பம்பாய் கவர்னரான டங்கன், கத்தியவாரிலும் கட்சிலும் அதே வழக்கத்தைக் கேள்விப்பட்டார். இம்முறை குற்றவாளிகள் ஜாடேஜாக்கள்: நவாநகர், மோர்பி, கோண்டல், த்ரோல் எனச் சிற்றரசுகளை ஆண்டவர்கள், கண்ணனின் வழிவந்தோர் என்று பெருமை பேசியவர்கள். பெண் சிசுக்கொலைக்கு வறுமையே காரணம் என்போர் இவர்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் வழக்கப்படி, பெண்ணைத் தம்மிலும் உயர்ந்த குலத்துக்குத்தான் கொடுக்கலாம். சொந்தக் குலத்தில் கொடுக்கக் கூடாது. தனக்கு மேல் எவருமில்லை என்று நினைப்பவன் மகளை எங்கே கட்டிக்கொடுப்பான்? அப்படியே இடம் கிடைத்தாலும் சீர்வரிசை கருவூலத்தைக் காலி செய்யும். மணமாகாத மகள் வீட்டில் இருப்பதோ மானக்கேடு.

ஆகவே பச்சிளம் உடலைப் பால் நிறைந்த பாத்திரத்தில் அமிழ்த்தினார்கள். அல்லது தாயின் முலைக்காம்பில் அபினைத் தடவினார்கள்.

பெண் எடுக்க மட்டும் தடையே இல்லை. சோடா, ஜாலா, கோஹில் குலங்களிலிருந்து மருமகள்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பிறர் வளர்த்த பெண்கள் வேண்டும். தாங்கள் ஒருத்தியையும் வளர்க்க மாட்டார்கள். இந்த வழக்கத்தின் கொடூரம் முழுவதும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

பரோடா ரெசிடெண்ட் அலெக்சாண்டர் வாக்கர் 1808-ல் ஜாடேஜாத் தலைவர்களிடம், இனிப் பெண் குழந்தைகளைக் கொல்வதில்லை என்று கையெழுத்து வாங்கினார். மறு ஆண்டு அவர் த்ரோலில் முகாமிட்டபோது, உயிரோடு விட்டுவைத்த மகள்களைத் தகப்பன்மார் தூக்கிவந்து காட்டினார்கள். வாக்கர் நெகிழ்ந்துபோனார். ஆனால் பிற்காலக் கணக்கெடுப்புகளில் மகள்களின் எண்ணிக்கை மகன்களுக்கு அருகில்கூட வரவில்லை. குலத்தின் ஏணி அப்படியே நிற்க, ஏட்டில் போட்ட கையெழுத்து என்ன செய்யும்?

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1870-ல் 8-ஆம் சட்டம் வந்தது. சந்தேகத்துக்குரிய ஊர்களில் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் பதிவாக வேண்டும். கல்யாணச் செலவுக்கும் வரம்பு விதிக்கலாம். பல ஊர்களில் பெண் குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்தார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் பிறந்தவுடன் கொல்லத் துணியாத வீடுகள் வேறு வழி கண்டன. பாலும் மருந்தும் மகனுக்கு முதலில் போயின. காய்ச்சலில் கிடந்த மகளுக்கு வைத்தியர் அழைக்கப்படவில்லை. அதிகாரிகளே இதைக் கவனித்து எழுதினார்கள். பதிவேட்டில் அது நோயால் வந்த சாவு. எந்தப் பிரிவின் கீழும் வழக்குப் போட முடியவில்லை. 1906-ல் அந்தச் சட்டமும் நீக்கப்பட்டது.