விதைத்தவர்கள் – 9: குருமானில் ஒரு கடிதம்

தென்னாப்பிரிக்காவின் குருமான் ஊழியத்தளத்தில் 1820-களில் ஞாயிறுதோறும் ஆராதனை நடந்தது. ஆனால் பல ஆண்டுகளாக ஞானஸ்நானம் பெற ஒருவர்கூட முன்வரவில்லை. ஸ்காட்லாந்தில் தோட்டக்காரராக இருந்த ராபர்ட் மொஃபட்டும் அவர் மனைவி மேரியும் அங்கே ஊழியம் செய்துவந்தார்கள். அவர்களை அனுப்பியது லண்டன் மிஷனரி சொசைட்டி. நாகர்கோவில், நெய்யூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு எல்.எம்.எஸ். என்றால் உடனே புரியும், அதே சங்கம்தான்.

வறண்ட மண் அது. ஊற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தால் வழியிலேயே ஊர்க்காரர்கள் மடைமாற்றினார்கள். காய்கறிகளையும் பறித்துக்கொண்டு போனார்கள். மழை பொய்த்தபோது, பழி மிஷனரிகள்மீது விழுந்தது. ஆலயமணி ஓசைதான் மேகத்தை விரட்டுகிறது என்றார் மழை வருவிக்க அழைக்கப்பட்டவர். ஒருநாள் ஈட்டியோடு வந்து, ஊரைவிட்டுப் போய்விடும்படி மிரட்டினார்கள். மொஃபட் மார்பைத் திறந்து காட்டி, குத்துவதானால் குத்துங்கள், போகமாட்டோம் என்று நின்றார். மேரி கைக்குழந்தையோடு வீட்டு வாசலில் நின்றிருந்தார். வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாடும் பயிரும் கண்முன்னே கருகும்போது யார்மீது கோபம் வராது?

இந்த நிலையில்தான் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து ஒரு தோழி, என்ன அனுப்பட்டும் என்று மேரியிடம் விசாரித்தார். துணிமணி கேட்டிருக்கலாம், மருந்து கேட்டிருக்கலாம். மேரி கேட்டது திருவிருந்துப் பாத்திரங்கள்! என்றாவது ஒருநாள் அவை தேவைப்படும் என்று எழுதினார். அப்பத்தையும் ரசத்தையும் வாங்க சபையில் ஒரு ஆள் இல்லாத காலம் அது.

அந்தக் கடிதத்தை வெறும் மனத்துணிவு என்று நான் எண்ணவில்லை. அதை எழுதிவிட்டு அவர்கள் கைகட்டி உட்காரவில்லை. பள்ளி, தோட்டம், ஊர்க்காரர்கள் பேசிய செட்ஸ்வானா மொழியில் பயிற்சி என்று எல்லா வேலையும் நடந்துகொண்டே இருந்தது. மனிதர் உள்ளத்தை மாற்றுவதை மட்டும் தேவனிடம் விட்டுவிட்டார்கள். ஊழியத்தில் நாம் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். வளர்ச்சியையும் நாமே உண்டாக்கப் பார்க்கிறோம். அது தாமதித்தால் சோர்ந்துபோகிறோம், அல்லது எதிரே இருப்பவரை நெருக்குகிறோம்.

1829-இல், இன்னதுதான் காரணம் என்று சொல்ல முடியாத ஒரு மாற்றம் தொடங்கியது. ஆராதனையில் கூட்டம் நிறைந்தது. ஜனங்கள் கண்ணீர்விட்டு ஜெபித்தார்கள். பள்ளிக் கட்டடத்தை ஊர்க்காரர்களே முன்வந்து எழுப்பினார்கள். அந்த ஆண்டு ஆறு பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். நீண்ட நாள் கடலிலும் மாட்டுவண்டியிலும் பயணப்பட்ட பெட்டி, அவர்களுடைய முதல் திருவிருந்துக்குச் சற்று முன்னதாக வந்து சேர்ந்தது. உள்ளே மேரி கேட்ட பாத்திரங்கள் இருந்தன.

லூக்கா சுவிசேஷம் 1830-இல் செட்ஸ்வானா மொழியில் அச்சானது. புதிய ஏற்பாடு 1840-இலும், முழு வேதாகமம் 1857-இலும் முடிந்தன. 1838-இல் திறக்கப்பட்ட கல் ஆலயம் இன்றும் குருமானில் இருக்கிறது.

(அடுத்த இதழில்: 1841-இல் குருமானுக்கு வந்த டேவிட் லிவிங்ஸ்டன்)