இதோ வந்துட்டேன்!

பையன் பழைய இங்கிலீஷ் கதைப் புத்தகம் ஒன்றோடு வந்து நின்றான். "அப்பா, இந்த ஆள் ‘பிரசன்ட்லி’ வர்றேன்னு சொல்றான். ஆனா ரெண்டு பக்கம் தள்ளித்தான் வர்றான். பிரசன்ட்லின்னா இப்போன்னுதானே அர்த்தம்?"

நியாயமான சந்தேகம்தான். நம்ம பயோடேட்டாவில் எல்லாரும் ‘பிரசன்ட்லி ஒர்க்கிங்’ என்றுதானே எழுதுகிறோம்? அதுவும் சரி, கதையில் வருகிற ‘கொஞ்ச நேரத்தில்’ என்பதும் சரி. ஆனால் இந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பழைய அர்த்தம் இருந்தது: ‘உடனே’.

1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், இயேசு சபித்த அத்திமரம் ‘பிரசன்ட்லி’ பட்டுப்போகிறது. தமிழ் பைபிளில் அந்த இடத்தில் இருப்பது ‘உடனே’. நாளாக ஆக, அந்தச் சொல் ‘சற்று நேரத்தில்’ என்று நழுவிவிட்டது. 1881-இல் புதிய ஏற்பாட்டைத் திருத்தி வெளியிட்டவர்கள் அதை எடுத்துவிட்டு ‘இம்மீடியட்லி’ என்று போட்டார்கள். ‘இப்போது’ என்ற அர்த்தமும் பழசுதான். இங்கிலாந்தில் மங்கி, ஸ்காட்லாந்தில் தங்கி, 20-ஆம் நூற்றாண்டில் மறுபடி பரவியது.

வேடிக்கை என்னவென்றால், இது மட்டும் தனியாக நழுவவில்லை. ‘சூன்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘உடனே’ என்றுதான் பொருள். ‘அனான்’, ‘பை அண்ட் பை’ ரெண்டுக்கும் அதே கதை. உடனே என்று சொல்லிவிட்டு மெதுவாக வருவது மனுஷ சுபாவம். கேட்டுக் கேட்டுப் பழகிய காது, சொல்லுக்கே ‘அப்புறம்’ என்று அர்த்தம் எழுதிக்கொள்கிறது. இங்கே குர்காவ்ன் பிளம்பர் சொல்லும் ‘அபீ ஆயா’வுக்கு எங்கள் வீட்டு அகராதியில் ஒன்றரை மணி நேரம்!

இதையெல்லாம் பையனுக்குப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து தங்கமணி குரல்: "ஊருக்கு எப்ப வர்றேன்னு அத்தை கேட்டப்போ, போன பொங்கல்ல என்ன சொன்னீங்க?"

"இதோ வந்துடறேம்மா"ன்னு சொன்னேன். தீபாவளியும் போய்விட்டது. அம்மா இப்போதெல்லாம் "எப்பப்பா வர்றே?" என்று கேட்பதில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்கிறாள். என்னுடைய ‘இதோ’வுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

ரயில் டிக்கெட் பார்க்கவேண்டும். இதோ இல்லை, இப்போதே.