‘பொருந்தாது’ என்னும் விடைக்கு இடமுண்டா? அட்டவணையிலிருந்து வகுப்பு பிறந்த வரலாறு

சென்ற திங்களில் ஒருநாள் மாலை, காடுகோடியிலிருந்து மெட்ரோவில் வந்துகொண்டிருந்தபோது அருகில் நின்ற இரு இளைஞர்களின் உரையாடல் காதில் விழுந்தது. “புக்ரஸ் சரியாத்தான் வருது, குன்னர்தான் காலியா இருக்கு” என்றார் ஒருவர். “அப்போ டேபிளைப் பாருங்க, புரோகிராமைப் பார்க்காதீங்க” என்றார் மற்றவர். மொழியியல் படித்தவனுக்கு இத்தகைய தொடர் ஒரு புதையல். ‘புக்ரஸ்’, ‘குன்னர்’ ஆகியவை தமிழுமல்ல, ஆங்கிலமுமல்ல. ஜெர்மன் சொற்களின் சுருக்கங்கள். ‘புக்குங்ஸ்கிரைஸ்’ என்பது கணக்குப் பதிவு நிகழும் நிறுவன அலகு. ‘குண்டென்நும்மர்’ என்பது வாடிக்கையாளர் எண். வைட்ஃபீல்டில் பணிபுரியும் தமிழரின் வாயில் இச்சொற்கள் எவ்வாறு புகுந்தன என்று தேடத் தொடங்கியதன் விளைவே இப்பதிவு. தேடல் சொற்பிறப்பில் தொடங்கி, நம் பெயர்களின் சிக்கலில் வந்து நின்றது.

முதலில் இடத்தைப் பற்றி ஒரு சொல். டி.எஸ். வைட் என்பவரின் முயற்சியால், மைசூர் அரசர் பத்தாம் சாமராஜ உடையார் அளித்த நிலத்தில், 1882இல் ஆங்கிலோ-இந்தியர் குடியிருப்பாகத் தோன்றியது வைட்ஃபீல்ட். ஊர்ப் பெயரே ஒரு குடும்பப் பெயர் என்பதை நினைவில் கொள்க. 1990களில் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தபின் ஊரின் முகம் மாறியது. 1972இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் இந்திய ஆய்வகம் 1998இல் பெங்களூரில் உருவாயிற்று. அதன் வளாகம் இன்று வைட்ஃபீல்டில் உள்ளது. மெட்ரோவில் நான் கேட்ட சொற்கள் அந்நிறுவன மென்பொருளின் அட்டவணைகளில் வாழ்பவை.

இனி வரலாறு. இது இரு தனி மரபுகளின் சந்திப்பு. முதலாவது அட்டவணை மரபு. ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட், 1970இல் வெளியிட்ட கட்டுரையில், தரவுகளை உறவுகளாக, அதாவது கிடைவரிசையும் நெடுவரிசையும் கொண்ட அட்டவணைகளாகக் கருதலாம் என முன்மொழிந்தார். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஏற்கத்தக்க மதிப்புகளின் களம் ஒன்று உண்டு என்பது அம்முறையின் அடிப்படை. இரண்டாவது வகுப்பு மரபு. நார்வேயில் ஓலே-யோஹன் டால், கிறிஸ்டன் நிகோர் இருவரும் உருவாக்கிய சிமுலா 67 என்னும் நிரல்மொழியில் ‘கிளாஸ்’ என்னும் கருத்து உருப்பெற்றது. ஒரு பொருளின் பண்புகளையும் செயல்களையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் அச்சு அது.

அட்டவணை தரவுத்தளத்தில் இருக்கிறது. வகுப்பு நிரலில் இருக்கிறது. இரண்டும் ஒரே மாணவரை, ஒரே ஊழியரைப் பற்றிப் பேசுகின்றன. ஆனால் வேறுவேறு இலக்கணத்தில் பேசுகின்றன. இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சிகளுள் முன்னோடியான ஒன்று, 1977இல் ஜெர்மானிய அறிஞர் யோவாகிம் ஷ்மிட் வெளியிட்ட ஆய்வு. பாஸ்கல் மொழிக்குள்ளேயே ‘உறவு’ என்பதை ஒரு தரவு வகையாகச் சேர்த்துக் காட்டினார் அவர். தொழிற்களத்திலோ வேறு வழி செல்வாக்குப் பெற்றது: அட்டவணையைப் படித்து, அதற்கேற்ற நிரற்பகுதியைக் கருவியே எழுதித் தருதல். ஐ.பி.எம்.மின் டிபி2 தரவுத்தளம் 1983இல் வெளிவந்தது. அதனுடன் பயன்படும் டிசிஎல்ஜென் என்னும் கருவி, அட்டவணையின் வரையறையைப் படித்து அதற்கு இணையான கோபால் மொழிக் கட்டமைப்பை ஆக்கித் தரும். மெயின்ஃபிரேம் பணிகளில் பழகிய மூத்த இந்தியப் பொறியாளர் பலருக்கு இப்பெயர் பரிச்சயமானது.

பின்னர் வந்தவை இம்மரபின் கிளைகளே. நெக்ஸ்ட் நிறுவனத்தின் என்டர்பிரைஸ் ஆப்ஜெக்ட்ஸ் ஃபிரேம்வொர்க் 1994இல் வந்தது. ஜாவா மொழிக்குக் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்னேட் 2001இல் வந்தது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட், 2002இல் வகை வரையறுத்த டேட்டாசெட்களையும், 2007இல் எஸ்கியூஎல்மெட்டல் என்னும் வகுப்பாக்கியையும் தந்தது. எஸ்.ஏ.பி.யின் அபாப் மொழியில் இணைப்பு இன்னும் நெருக்கமானது. அங்கு அகராதி என்றே அழைக்கப்படும் ஓரிடத்தில் அட்டவணை வரையறுக்கப்படுகிறது. அவ்வரையறையையே நிரலும் தன் தரவு வகையாக நேரடியாகப் பயன்படுத்துகிறது. அட்டவணைக்கேற்ற வகுப்புகளைத் தானே ஆக்கித் தரும் வசதியும் பின்னர் அதில் சேர்ந்தது.

இக்கருவிகள் செய்வதை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். ‘மாணவர்’ என்றோர் அட்டவணை. பதிவெண் முழு எண்ணாக இருத்தல் வேண்டும். பெயர் நாற்பது எழுத்துகளுக்குள் அடங்கிய கட்டாயப் புலம். பிறந்த நாள் தேதியாக இருத்தல் வேண்டும், ஆனால் வெற்றாகவும் விடலாம். கருவி இதைப் படித்து ‘மாணவர்’ என்னும் வகுப்பை எழுதுகிறது. அதன்பின் நிரலாளர் பதிவெண் இருக்க வேண்டிய இடத்தில் பெயரை வைத்தால், நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் தடுத்துவிடும். நள்ளிரவில் வங்கிக் கணக்கில் நிகழவேண்டிய பிழை, பகலில் நிரலாளரின் திரையிலேயே பிடிபடுகிறது. இந்நன்மை பெரிது, இதைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று.

இலக்கணம் கற்றவர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம் இரு திணையையும் ஐம்பாலையும் வகுத்து, எழுவாய்க்கும் வினைமுற்றுக்கும் இடையே இருக்கவேண்டிய இயைபை நிறுவுகிறது. ஆண்பால் எழுவாய் பெண்பால் வினைமுற்றைக் கொண்டு முடிதல் வழு. கம்பைலர் செய்வதும் இத்தகைய இயைபுச் சோதனையே. இவ்வொப்புமையை மிகைப்படுத்தல் ஆகாது. இலக்கணம் பேச்சை விளக்குவது, கம்பைலர் பேச்சைத் தடுப்பது. எனினும் இரண்டும் ஒரே வினாவை எழுப்புகின்றன: விதிக்குள் அடங்காத உண்மையை என்செய்வது?

இங்கு மீண்டும் ஜெர்மன் சொற்களுக்கு வருகிறேன். எஸ்.ஏ.பி.யின் பழைய புலப் பெயர்கள் பெரும்பாலும் ஐந்தெழுத்துக்குள் அடங்கிய ஜெர்மன் சுருக்கங்கள். திரையில் தெரியும் தலைப்பை வேற்று மொழிக்கு மாற்றலாம். உள்ளே இருக்கும் பெயர் மாறுவதில்லை. அட்டவணையிலிருந்து நிரலுக்கும், நிரலிலிருந்து நிரலாளரின் நாவுக்கும் அது அப்படியே இறங்குகிறது. சொல் மட்டுமா இறங்குகிறது? ஊழியரின் தன்விவரத்துக்குரிய அட்டவணையில் இரு புலங்கள் உண்டு. ஒன்று ‘நாஹ்நாமெ’, மற்றொன்று ‘ஃபோர்நாமெ’ என்பவற்றின் சுருக்கம். சொற்பொருள் முறையே பின்பெயர், முன்பெயர். பின்னால் வருவது குடும்பத்தின் பெயர், முன்னால் வருவது ஆளின் பெயர் என்னும் ஐரோப்பிய வழக்கு அப்புலப் பெயர்களுக்குள்ளேயே குடியிருக்கிறது.

நம் வழக்கு வேறு. தமிழரிற் பெரும்பாலோர்க்குத் தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர், சிலரிடத்து ஊர்ப் பெயரும் சேர்ந்து, தலைப்பெழுத்தாகச் சுருங்கி முன்னே நிற்கும். தந்தை பெயர் அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். அஃது உறவைச் சுட்டும் குறி, குடியைச் சுட்டும் பெயரன்று. அட்டவணையில் குடும்பப் பெயர் கட்டாயம் என்று ஒருவர் குறித்துவிட்டால், கருவி அதை ஐயமின்றி வகுப்பில் எழுதுகிறது. வகுப்பு அதைப் படிவத்தில் கேட்கிறது. படிவத்தின் முன் அமர்ந்தவர் தம் பெயரை மாற்றிக்கொள்கிறார். சிலர் தந்தையின் பெயரைப் பின்னால் வைப்பர். சிலர் தம் பெயரையே இருமுறை எழுதுவர். சிலர் ஒரு புள்ளியை இடுவர்.

நானும் இட்டிருக்கிறேன். அயல்நாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குப் பதிவு செய்தபோது, குடும்பப் பெயருக்கு இரண்டு எழுத்தேனும் வேண்டும் என்றது படிவம். என் தலைப்பெழுத்து ஒன்றே. தந்தையின் பெயரை விரித்து எழுதினேன். அடையாள அட்டையிலும் சான்றிதழிலும் என் பெயர் மறைந்து, மூன்று நாளும் எல்லோரும் என்னை என் தந்தையின் பெயரால் அழைத்தனர். சான்றிதழ் என் பல்கலைக்கழக ஆவணங்களோடு பொருந்தவில்லை என்பதால் பயணச் செலவைத் திரும்பப் பெறுவதற்கு உறுதிமொழிக் கடிதம் எழுத நேர்ந்தது. இது சிறு தொல்லை. பெரியவையும் உண்டு. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளோரை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அமெரிக்க விசாவில், முதற்பெயர்ப் புலம் வெற்றாக இருந்தால் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சிடுவர். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பது அதன் பொருள்.

அந்த விரிவை ஊன்றி நோக்குக. தெரியவில்லையா? தெரியாத பெயர் ஏதும் அங்கு இல்லை. அவருடைய முழுப் பெயரும் பக்கத்துப் புலத்திலேயே இருக்கிறது. ‘தெரியவில்லை’ என்பதும் ‘பொருந்தாது’ என்பதும் இருவேறு விடைகள். இவ்வேறுபாட்டை வலியுறுத்தியவர் வேறெவருமல்லர், அட்டவணை முறையை உருவாக்கிய காட் அவர்களே. மதிப்பு உண்டு ஆனால் இப்போது கைவசம் இல்லை என்பதற்கு ஒரு குறி, அம்மதிப்பு இவ்விடத்துக்கே பொருந்தாது என்பதற்கு வேறொரு குறி என இரண்டு வேண்டும் என்று 1990இல் வெளிவந்த தம் நூலில் அவர் விரித்துரைத்தார். எஸ்கியூஎல் மொழியோ ‘நல்’ என்னும் ஒரே வெற்றுக்குறியோடு நின்றுவிட்டது. வகுப்பாக்கிகள் எஸ்கியூஎல் அட்டவணையைப் படிப்பவை. அங்கு இல்லாத வேறுபாட்டை அவை எங்ஙனம் எழுதும்? என் பார்வையில் இவ்வரலாற்றின் முதன்மையான இழப்பு இதுவே.

இழப்பு தவிர்க்க முடியாததன்று. அதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. ஆதார் திட்டத்துக்கான தனிநபர்த் தரவுத் தரங்களை வகுக்க என். விட்டல் தலைமையில் அமைந்த குழு 2009 டிசம்பரில் அறிக்கை அளித்தது. பெயர் என்பது ஒரே புலம் என்றவாறே ஆதார் அமைந்தது. முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற பிளவு அதில் இல்லை. பிறந்த நாளுக்கு ஆண்டு மட்டும் இருந்தாலும் போதும். அதனுடன் மற்றொரு சிறு புலம்: அந்நாள் சான்றால் உறுதியானதா, அவரே கூறியதா, உத்தேசமானதா என்பதைக் குறிப்பது. ஆதார் குறித்த பிற விவாதங்கள் வேறு. அவற்றுக்குள் நான் நுழையவில்லை. ஆனால் ஆடி மாதத்தில் பெருவெள்ளம் வந்த ஆண்டு பிறந்தேன் என்று சொல்லும் பாட்டியைப் பொய் சொல்ல வைக்காத அட்டவணை அது. இதிலிருந்து ஆக்கப்படும் வகுப்பும் கண்டிப்பான வகையுடையதே; மூன்று குறிகளுக்கு அப்பால் நான்காவதை அது ஏற்காது. கண்டிப்பும் உண்மைக்கு இடமளித்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நம் உரையாசிரியர்கள் வழாநிலை, வழு என்ற இரண்டோடு நிற்கவில்லை. வழுவமைதி என்னும் மூன்றாவதையும் வைத்தனர். பசுவைத் தாயாகப் பாவித்து உயர்திணை முடிபு கொடுத்துப் பேசுவது விதிப்படி வழு. உவப்பு என்னும் காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படுகிறது. வழுவமைதி விதியைத் தளர்த்துவதன்று. எந்த மீறல், எக்காரணத்தால், எவ்விடத்தில் ஏற்கத்தக்கது என்பதையும் விதியாகவே எழுதிவைப்பது. ஆதாரின் ‘உத்தேசம்’ என்னும் குறி ஒரு வழுவமைதி. காட் கேட்ட ‘பொருந்தாது’ என்னும் குறியும் அதுவே.

இறுதியாக ஒரு நடைமுறைச் செய்தி. கருவி எழுதிய கோப்பின் தலையில் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கை இருக்கும்: இது தானாக ஆக்கப்பட்டது, இங்கு செய்யும் திருத்தம் மறுமுறை ஆக்கும்போது அழிந்துபோகும். ஒவ்வொரு படிவத்தின் முன்பும் நாம் இடும் புள்ளியும், விரித்தெழுதும் தந்தை பெயரும் அத்தகைய திருத்தங்களே. அடுத்த படிவம் அவற்றை அறியாது. மீண்டும் முதலிலிருந்து கேட்கும். திருத்தம் நிலைக்கவேண்டின் அட்டவணையில் நிகழவேண்டும். மெட்ரோவில் அந்த இளைஞர் தம் நண்பருக்குச் சொன்ன அறிவுரையும் இதுதான்.

குடும்பப் பெயரொன்றைத் தன் பெயராகக் கொண்ட இவ்வூரில், குடும்பப் பெயர் இல்லாத ஆயிரமாயிரம் பேர் அன்றாடம் அட்டவணைகளை வரைகின்றனர். அடுத்த முறை ஒரு நெடுவரிசையைக் கட்டாயம் எனக் குறிக்குமுன், அப்புலத்தைத் தம் தாயின் பெயரைக் கொண்டு ஒருமுறை நிரப்பிப் பார்த்தால் போதும்.

இத்துறையில் பணியாற்றும் நண்பர்கள் தம் அலுவலக அட்டவணைகளில் தமிழ்ப் பெயர்கள் எவ்வாறு பதிவாகின்றன என்பதைப் பின்னூட்டத்தில் தெரிவித்தால் நன்றியுடையேன். பிழையிருப்பின் சுட்டுக, திருத்திக்கொள்வேன்.