கடல் தாண்டாத கரண்ட்

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. மடுல்கெல்ல மாதிரி தேயிலை ஊர்களில் பறித்த கொழுந்து காத்திருக்காது. வாட்டுகிற விசிறி நின்றால் பெக்டரி நிற்கும். அப்புறம் நம்ம ஆட்களுக்குப் பேர் விழுமா?

எரிபொருள் வாங்க இந்தியா அப்போது 50 கோடி டொலர் கடன் தந்தது. டீசல் கப்பலில் வந்தது, கடனும் கூடவே வந்தது.

இரண்டு நாட்டு மின்கட்டமைப்பையும் இணைக்கும் பேச்சு 1970களிலேயே தொடங்கியது. 2010இல் சாத்தியம் ஆராய ஒரு உடன்படிக்கை. 2014இல் காத்மண்டுவில் சார்க் மின்சார ஒப்பந்தம். 2025 ஏப்ரலில் கொழும்பில் மறுபடியும் கையெழுத்து. கம்பி மட்டும் இன்னும் வரவில்லை. ஆனால் நேபாளம் 2024 நவம்பரில் இந்தியா வழியாகப் பங்களாதேஷுக்கு 40 மெகாவாட் அனுப்பிவிட்டது.

2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாம், முழு நாடும் இருண்டது. தனியாக நிற்கும் சின்னக் கட்டமைப்பு அப்படித்தான் சாயும்.

இந்தியாவை நம்பியே இருப்போம் என்று நாங்கள் சொல்லவில்லை. கம்பியில் கரண்ட் இரு பக்கமும் ஓடலாம். மழை நன்றாகப் பெய்தால் கண்டி விக்டோரியா அணையின் கரண்டும் அங்கே போகும், வறட்சியில் அங்கிருந்து வரும். விலையையும் நிபந்தனையையும் மக்கள் முன் வைத்துப் பேசட்டும். அடுத்த நெருக்கடிக்கும் கடன் கப்பலைப் பார்த்து நிற்க நம்மால் முடியாது.