பேரூர்க்கடையில் ஒரு தமிழ்க் குடும்பம்

நமது சங்கத்தின் கூட்டம் எதுவாயினும் தமிழ்த்தாய் வாழ்த்துடனேயே தொடங்குகின்றது. கைக்குழந்தையுடன் வந்த தாய்மார் முதல் ஓய்வு பெற்ற பெரியோர் ஈறாக அனைவரும் எழுந்து நிற்கின்றோம். அதனை இயற்றியவர் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை என்பதைப் பள்ளிச் சிறுவரும் சொல்லிவிடுவர். ஆயின் அவர் இந்தத் திருவனந்தபுரத்திலேயே படித்து, இங்கேயே சம்பளம் வாங்கி, நகரப் பேருந்தில் நாம் எளிதில் சென்று சேரக்கூடிய பேரூர்க்கடையில் வீடு கட்டி வாழ்ந்தவர் என்று சொன்னால் நம்மிற் பலர் வியப்படைகின்றனர். அவர் நெல்லைக்காரர் என்பதே பலருடைய எண்ணம். நெல்லைப் பல்கலைக்கழகத்திற்கு 1990-இல் அவர் பெயர் சூட்டப்பெற்றமை இதற்கு ஒரு காரணமாகலாம்.

அவருடைய கவித்திறத்தை ஆராயும் தகுதி நமக்கில்லை. மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக் கணக்குப் பேரேட்டில் பேனாவை ஊன்றியவர்கள் நாம். புலவர் பெருமக்கள் அதனைச் செய்திருக்கின்றனர். அவருடைய உத்தியோகம், ஓய்வு நேரம், குடும்பம் ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் இங்கு எழுதப் புகுகின்றோம். காரணம் உண்டு. நமது காலனியிற் பிறந்த பிள்ளைகள், "அப்பா, நாம் எந்த ஊர்?" என்று கேட்கின்றனர். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ், விடுமுறைக்குப் பாட்டி வீடு என்று வளரும் பிள்ளைகள் வேறு எவ்வாறு கேட்பர்? நாமும் பென்ஷன் வரும் நாளை எண்ணிக்கொண்டு, "இது பிழைக்க வந்த ஊர்தானே" என்று மறுமொழி கூறி விடுகின்றோம். பிள்ளையவர்களின் வாழ்க்கையோ அக்கேள்விக்கு வேறு விடை தருகின்றது.

அவர் 1855-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் ஆலப்புழையில் பிறந்தார். தந்தையார் பெருமாள் பிள்ளை. அன்னையார் மாடத்தி அம்மாள். வணிகத்தின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து வந்து அத்துறைமுகப் பட்டினத்திற் குடியேறிய மரபினர். ஆகவே பிள்ளையவர்களும் நம் பிள்ளைகளைப் போலக் குடியேறிய குடும்பத்தில், மலையாளம் வழங்கும் தெருவிற் பிறந்து வளர்ந்தவரே. ஒரு வேறுபாட்டையும் மறைக்கலாகாது. அந்நாளில் நாகர்கோவிலும் நாஞ்சில் நாடும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. அரசரின் குடிகளிற் பெருந்தொகையினர் தமிழர். 1956 நவம்பர் முதல் நாளில் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாகாணத்தோடு இணைந்த பின்னரே, இங்குள்ள தமிழன் அயலூரான் போல ஆனான். சாலைக் கடைத்தெருவிலும் வலியசாலையிலும் கரமனையிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களை அயலவர் என்று எவர் சொல்வார்?

பிள்ளையவர்கள் மேற்படிப்பிற்குத் தலைநகர் வந்த காலத்தில் இப்பக்கம் இரயில் இல்லை. இரயில்வே ஊழியராகிய நாம் இதனைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புவதில் வியப்பில்லை. ஆலப்புழையிலிருந்து காயல் வழியே படகிற் புறப்பட்டால், வர்க்கலைக் குன்று குறுக்கே நிற்கும். அக்குன்றைக் குடைந்து நீர்வழி அமைக்கும் வேலை 1880-ஆம் ஆண்டளவிலேதான் முற்றுப்பெற்றது. அதுவரை அவ்விடத்தில் இறங்கித் தரைவழியே கடந்தாக வேண்டும். கொல்லம்–செங்கோட்டைப் பாதை 1904-இல் வந்தது. திருவனந்தபுரத்திற்கு இரயில் எட்டியது 1918-இல். தம்பானூர் நிலையம் 1931-இல் திறக்கப்பட்டது. நாகர்கோவில் பாதையோ 1979 வரை காத்திருந்தது. இவற்றுள் ஒன்றையேனும் பிள்ளையவர்கள் கண்டாரில்லை.

மகாராஜா கல்லூரியில் (இன்று அது பாளையத்திலுள்ள யுனிவர்சிட்டி கல்லூரி) பயின்று 1876-இல் பி.ஏ. தேறினார். அடுத்த ஆண்டே சிவகாமி அம்மாளை மணந்தார். அவ்வாண்டிலேயே நெல்லையில், பின்னாளில் இந்துக் கல்லூரியாக வளர்ந்த பள்ளிக்குத் தலைமையாசிரியராகச் சென்றார். திருநெல்வேலிக்கு 1876-இலேயே இரயில் வந்திருந்தது. எனினும் நம் ஊரிலிருந்து போவோர் நாகர்கோவில் கடந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மாட்டுவண்டியிலேதான் போக வேண்டும். அங்கேதான் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளை அடுத்து அவரைக் குருவாகக் கொண்டார். பின்பு அழைப்பு வரவே, திருவனந்தபுரத்திற்கே திரும்பித் தத்துவம் கற்பிக்கும் பணியை ஏற்றார். 1880-இல் எம்.ஏ. தேறினார். சமஸ்தானத்தில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே என்பர்.

விசாகம் திருநாள் மகாராஜா ஆட்சியில், 1882 முதல் 1885 வரை, பிள்ளையவர்கள் வருவாய்த் துறையில் 'பிறவகை சிரஸ்தார்' என்னும் பெரிய உத்தியோகம் வகித்தார். நிலவரி நீங்கலான பிற வருவாய்களைக் கவனிக்கும் பதவி அது. அந்நாளைய உத்தியோக உலகில் ஒருவர் அந்நாற்காலியில் அமர்ந்துவிட்டால் மேலும் மேலும் ஏறப் பார்ப்பாரேயன்றி இறங்க நினையார். இவரோ மூன்றாண்டு கோப்புகளோடு இருந்துவிட்டு, தம் ஆசிரியர் டாக்டர் ஹார்வி கல்லூரியை விட்டு நீங்கியதும் அவருடைய இடத்தில் பேராசிரியராக அமர்ந்தார். தஸ்தாவேஜுகளின் நடுவே ஆயுளைக் கழித்த நமக்கு இது எளிய செயலாகத் தோன்றவில்லை. அந்த ஹார்வியின் மீது அவர் கொண்ட பற்று பெரிது. மனோன்மணீயத்தை அவருக்கே உரிமையாக்கினார். பேரூர்க்கடையில் தாம் அமைத்த இல்லத்திற்கு ஹார்விபுரம் என்றே பெயரிட்டார்.

இனி அவருடைய ஓய்வு நேரத்தைப் பார்ப்போம். இவ்வூர்ச் சைவப்பிரகாச சபை 1885-இல் தோன்றியதற்கு முன்நின்றவர்களுள் அவர் ஒருவர். ஊரில் உள்ள தமிழர் கூடிப் படிக்கவும் பேசவும் ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தின் பயன் அது. சங்கம் நடத்துவதில் உள்ள தொல்லைகளை, சந்தா வசூலுக்குப் படியேறி இறங்கிய நம் காரியதரிசிகளைக் கேட்டால் தெரியும். நாகப்பட்டினத்திலிருந்து வேதாசலம் என்னும் இருபது வயது இளைஞர், தம் ஆசிரியர் நாராயணசாமி பிள்ளையின் வழியே அறிமுகம் பெற்று இவரை நாடி வந்தார். இவ்வூரில் மார்த்தாண்டன் தம்பி என்பார் நடத்திய பள்ளியில் அவருக்குத் தமிழாசிரியர் வேலை கிடைக்கச் செய்தார் பிள்ளையவர்கள். இவ்விடத்து நீரும் காற்றும் ஒத்துக்கொள்ளாமையால் அவ்விளைஞர் சில மாதங்களிலேயே திரும்பிவிட்டார். பின்னாளில் மறைமலையடிகள் எனத் தமிழுலகம் போற்றியது அவரையே.

இவற்றினும் நம் உள்ளத்தைக் கவர்ந்தது அவருடைய கல்வெட்டுப் பணி. கல்லூரி அவருக்கு ஊதியம் அளித்தது தத்துவம் கற்பிப்பதற்கு. கோயிற் சுவர்களில் உள்ள பழைய எழுத்தைப் படிக்கும்படி எவரும் அவரைப் பணிக்கவில்லை. அவரோ ஊர் ஊராகக் கோயில்களைத் தேடினார். அந்நாளில் வேணாட்டின் பழைய அரசர்களைப் பற்றி வழங்கியவற்றுட் பெரும்பகுதி செவிவழிக் கதையே. கதைகளை ஒருபுறம் வைத்துவிட்டுக் கற்கள் சொல்வதைக் கேட்போம் என்று அவர் துணிந்தார். அக்கற்கள் எளிதிற் பேசுவனவல்ல. பல வட்டெழுத்தில் வெட்டப்பட்டவை. எழுத்துத் தேய்ந்தும், சுண்ணாம்பு படிந்தும் கிடப்பவை. எழுத்தைப் பெயர்த்தெழுதி, அரசன் பெயரையும் கொல்லம் ஆண்டையும் கண்டறிந்து, அவ்வாண்டைக் கிறிஸ்து ஆண்டோடு பொருத்தி, ஒரு கல்லுக்கும் மற்றொரு கல்லுக்கும் உள்ள உறவை நிறுவி, அரசர்களை வரிசைப்படுத்த வேண்டும். கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்குவதால் பொருத்தம் பார்ப்பது ஓரளவு எளிது. மாதமும் நாளும் தேய்ந்த இடத்தில்தான் இடர்ப்பாடு. இங்ஙனம் தொகுத்தவற்றைக் கொண்டு 1894-இல் திருவிதாங்கூரின் பண்டை மன்னர் சிலரைப் பற்றிய ஆங்கில நூலை வெளியிட்டார். கி.பி. 12-ஆம் நூற்றாண்டை ஒட்டிய வேணாட்டரசர் பலர் கதையுலகினின்று வரலாற்றிற்குள் வந்தது அதன் வழியேதான். திருஞானசம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என்று கால்டுவெல் ஐயர் போன்றோர் கருதியிருந்ததை மறுத்து, அவர் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவராகார் என்று காட்டியதும் இதே ஆய்வு முறையே. அதனைத் தமிழர் நன்கு நினைவு கூர்கின்றனர். ஆனால் இந்நாட்டு மன்னர் வரலாற்றை, இம்மண்ணிற் குடியேறிய தமிழ்க் குடும்பத்தார் ஒருவர் கல்லிலிருந்து மீட்டுக் கொடுத்தார் என்பதை மலையாள அன்பர்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் நாம் எடுத்துச் சொல்வதேயில்லை.

1891-இல் மனோன்மணீயம் அச்சாயிற்று. லிட்டன் பிரபு எழுதிய ஆங்கிலக் கதையொன்றைத் தழுவியது எனினும், கதை நிகழும் இடத்தை ஆசிரியர் நம் பக்கத்திற்கே கொண்டு வந்துவிட்டார். பாண்டியனுக்கும் சேரனுக்கும் மூண்ட பூசலுக்கு நாஞ்சில் நாடே காரணமாகின்றது. எல்லைச் சண்டையில் தொடங்கும் நாடகம், சேரன் புருடோத்தமன் பாண்டியன் மகள் மனோன்மணியை மணப்பதில் முடிகின்றது. வாழ்த்துப் பாடலின் முழு வடிவத்தில் மலையாளத்தையும் பெயர் சொல்லித் தமிழின் வயிற்றிற் பிறந்ததாகப் பாடியுள்ளார். 1970-இல் தமிழக அரசு அதனை ஏற்றபோது அவ்வடிகள் விடப்பட்டன. அண்டை மொழியார் மனம் நோகலாகாது என்பதற்காக அவ்வாறு செய்தது நன்றே. எனினும், மலையாளிகளிடையே வாழ்ந்துகொண்டு அதனை எழுதியவர் மனத்தில் பகை இருந்ததில்லை. உறவு கொண்டாடும் எண்ணமே இருந்தது என்பது நம் துணிபு.

அதே 1891-ஆம் ஆண்டில்தான் அவருக்கு மகன் நடராசன் பிறந்தார். மணமாகிப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த பேறு. அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1896-இல் அரசாங்கம் ராவ் பகதூர் பட்டம் அளித்தது. 1897 ஏப்ரல் 26-ஆம் நாள், நாற்பத்திரண்டே வயதில், பிள்ளையவர்கள் காலமானார். ஆறு வயதுச் சிறுவனோடு சிவகாமி அம்மாள் ஹார்விபுரத்தில் நின்றார். அந்த அம்மையாரைப் பற்றி நூல்கள் பேசுவது மிகக் குறைவு. மகன் ஆன விதத்தைக் கொண்டே அவரை அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பி. எஸ். நடராஜ பிள்ளை மாளிகையிற் பிறந்து கூரை வீட்டில் வாழ்ந்தவர். பொறுப்பாட்சி கோரும் இயக்கத்தில் அவர் ஈடுபட்டமையால், சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில் ஹார்விபுரமும் சூழ்ந்த நிலமும் பறிமுதலாயின. பின்பு இந்திய அரசியல் நிர்ணய சபையில் திருவிதாங்கூரின் உறுப்பினராக வீற்றிருந்தார். 1954-இல் பட்டம் தாணுபிள்ளை அமைச்சரவையில் நிதியமைச்சரானார். நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டு வந்தார். கையெழுத்தொன்றில் தம் குடும்ப நிலத்தை மீட்கக்கூடிய இடத்தில் இருந்தும் அதற்கு அவர் முயலவில்லை என்று இவ்வூர்ப் பெரியோர் இன்றும் சொல்வர். அவ்வமைச்சரவைக் காலத்திலேயே, 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள், தெற்கெல்லைத் தமிழர் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். தமிழ்த்தாயை வாழ்த்திப் பாடியவரின் மகன் அவ்வமைச்சரவையில் இருந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது வரலாறாகாது. அதற்காக அவரைத் தமிழ்ப் பகைவர் என்பாருடன் நாம் சேர மாட்டோம். இரண்டு வீட்டிற்கும் பிள்ளையாய் நிற்பவனுக்கு வரும் துன்பம் அது. 1962-இல் இந்நகர மக்கள் அவரைச் சுயேச்சையாகவே நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். அப்பதவியில் இருக்கும்போதே 1966 ஜனவரியில் மறைந்தார்.

பேரூர்க்கடையில் உள்ள அரசு மேனிலைப் பள்ளி இன்று நடராஜ பிள்ளையின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தம்பானூரிலிருந்து அங்குச் செல்லப் பேருந்துகள் பல உள்ளன. சங்கத்து நிர்வாகிகள் இசைந்தால், அடுத்த ஆண்டு விழாவிற்கு முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டுச்சோற்றுடன் நம் காலனிப் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று வர நாம் ஆயத்தமாக இருக்கின்றோம்.