பிறந்த இடம் பெயர்ந்த கிரகங்கள்

1855ஆம் ஆண்டு. சென்னை நுங்கம்பாக்கத்து வான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் காப்டன் ஜேக்கப் ஒரு செய்தியை வெளியிட்டார். ஓபியூக்கஸ் மண்டலத்து இரட்டை விண்மீன் ஒன்றின் நடையில் பிசகு தெரிகிறது. கண்ணுக்குப் புலப்படாத கிரகம் ஒன்று அதனை அசைக்கக்கூடும் என்றார். அம்முடிவு பிழையெனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும், விண்மீனின் அசைவைக் கொண்டு கிரகத்தை உணரலாம் என்ற எண்ணம் பிழையன்று.

140 ஆண்டுகளுக்குப் பின், 1995இல், அசைவை அளக்கும் அவ்வழி பலித்தது. ஜெனீவாவின் அறிஞர்களான மேயரும் கெலோவும், சூரியனை ஒத்த 51 பெகாஸி என்னும் விண்மீனை ஒரு பெருங்கிரகம் சுற்றிவரக் கண்டனர். வியாழனில் பாதியளவேனும் நிறையுள்ள அது, தன் விண்மீனை நாலேகால் நாளில் வலம் வருகிறது! நம் வியாழனுக்கோ ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டும்.

இச்செய்தி அறிஞர்களைத் திகைக்க வைத்தது ஏன்? சுழலும் வாயு மேகத்திலிருந்து கிரகங்கள் தோன்றின என்று 1755இல் கான்ட்டும், 1796இல் லாப்லாஸும் கூறினர். இருபதாம் நூற்றாண்டில் அக்கருத்து விரிவடைந்தது. சூரியனுக்கு அருகே வெப்பம் மிகுதி. அங்கே பாறையும் உலோகமுமே திரண்டு சிறு கிரகங்கள் ஆயின. தொலைவிலோ நீரும் பனியாய் உறைந்தது. பாறையும் பனியும் சேர்ந்து, பூமியைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு நிறையுள்ள கரு உருவாயிற்று. அது சுற்றிலுமிருந்த வாயுவை ஈர்த்துப் பெருங்கிரகமாயிற்று. அங்ஙனமாயின், அனல் வீசும் இடத்தில் பெருங்கிரகம் பிறப்பது எவ்வாறு?

அங்கே அது பிறக்கவில்லை. தொலைவிற் பிறந்து உள்ளே குடிபெயர்ந்தது என்பதே பெரும்பாலோர் கண்ட விடை. கிரகத்துக்கும் அதனைச் சூழ்ந்த வாயுத் தட்டுக்கும் இடையிலான ஈர்ப்பு, கிரகத்தின் பாதையையே மாற்றவல்லது என 1980இலேயே கோல்ட்ரைக், ட்ரெமெய்ன் இருவரும் கணித்திருந்தனர். ஏட்டில் இருந்த கணக்குக்கு வானம் சாட்சி கூறிற்று.

நம் நாடும் இவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டுள்ளது. 2018இல், ராஜஸ்தானத்து அபு மலையில் அமைந்த தொலைநோக்கியின் உதவியால், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தார் ஒரு கிரகத்தின் நிறையை அளந்தனர். பூமியைப்போல் சுமார் 27 மடங்கு நிறையுள்ள அது, சுமார் பத்தொன்பதரை நாளில் தன் விண்மீனைச் சுற்றுகிறது.

ஒரு வீட்டை மட்டும் கண்டு, ஊர் வழக்கமே இதுதான் என்று முடிவு செய்திருந்தோம். இன்று பல்லாயிரம் வீடுகள் தெரிகின்றன. நம் வியாழனும் சூரியனின் அருகுவரை பெயர்ந்து வந்திருப்பின், இடையே நம் பூமிக்கு இடம் இருந்திருக்குமா? பெருங்கிரகங்களின் பயண வரலாற்றில் நம் பிறப்பின் வரலாறும் அடங்கியுள்ளது.